நஸீமாவின் பி செல்கள்

நஸீமா போய்விட்டார்... அவர் மகள் இப்போதுதான் போன் செய்தாள். மாலை அஸர் தொழுகையோடு ஜனாஸாவை எடுக்கிறார்களாம்.

பேராதனையிலிருந்து அக்குறணைக்குப் போகிற வழியில், பஸ்ஸில் இருந்துதான் எழுதுகிறேன். எடுப்பதற்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் லேபில் சேர்ந்தவர்கள். எலியின் மண்ணீரலிலிருந்து பி செல்களைப் பிரித்து வளர்ப்பது எங்கள் வேலை. நோய்க்கு எதிராக ஆன்டிபாடி செய்கிற செல்கள் அவை.

நஸீமாவுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். வேறு செல் ஒன்று கலந்தாலும் பொறுக்காது. கழுவிக் கழுவிப் பிரித்து வைப்போம்... காலையில் பார்த்தால் எல்லாம் செத்துக் கிடக்கும். ப்ராஜெக்டையே மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது.

அப்போது நோன்பு மாதம். ஒரு நாள் நோன்பு திறக்கிற அவசரத்தில் கழுவுவதைப் பாதியிலேயே நிறுத்தி, மண்ணீரலில் கூடவே இருக்கிற டி செல்களும் கலந்தபடியே, செல்களைத் தூண்டுகிற மருந்தைப் போட்டு வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் மைக்ரோஸ்கோப் பக்கமிருந்து நஸீமாவின் சத்தம். "சாந்தி, ஓடி வாங்கோ! உசிரோட ஈக்கிது! கொத்துக் கொத்தாப் பெருகியும் ஈக்கிது!"

டி செல் பக்கத்தில் இருந்து சிக்னல் கொடுத்தால் பி செல் பிழைக்கும், பிரிந்து பெருகும். இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவர்கள்தான் நாங்கள்... கையில் வேலை வந்ததும் சுத்தம்தான் பெரிதாகப் போய்விட்டது.

மறுநாள் லேப் முழுவதற்கும் நோன்புக் கஞ்சி வந்தது. "ரிசல்ட் வந்ததே கஞ்சியாலதானே" என்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

போன வருஷம் அவருக்கு லிம்ஃபோமா என்றார்கள். பி செல்லில் வருகிற கேன்சர்.

பார்க்கப் போனேன். அவரே ஆரம்பித்தார். "அந்தக் காலம் சாகுது சாகுதுண்டு அழுதோமே சாந்தி... இப்ப என்ட உடம்புல, செத்துப் போங்கண்டாலும் கேக்குதில்ல."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

பெருகச் சொல்கிற சிக்னலைச் செல்லுக்குள்ளேயே தடுக்கிற மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச மாதம் நன்றாகக் கேட்டது. மகள் கல்யாணத்தில் ஓடி ஓடி வட்டிலப்பம் பரிமாறினார். "பாத்தீங்களா, கம்பிய அறுத்துட்டோம்" என்று என் காதில் சொன்னார்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன செல்கள் வேறு வழி பிடித்துக்கொண்டன...

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்கிறது.

கொஞ்சம் இருங்க நஸீமா... வந்துகிட்டே இருக்கேன்.