நான் போடாத கையெழுத்து

என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் பனிச்சறுக்குக் காலணிகள் இரண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆரஞ்சு நிறம், கெண்டைக்கால் வரை உயரம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். மாடம்பாக்கத்துப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று வாரந்தோறும் அவற்றைக் காயவைப்பாள் தங்கையின் மகள். அவளுடைய அப்பா விமானப்படைக்காரர். அவர் இமாசலத்தில் பணியில் இருந்தபோது பத்து வயதில் பனியில் இறங்கியவள், பதினைந்து வயதில் கொடிக்கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் பந்தயத்தில் தேசியப் பதக்கம் வாங்கினாள். பிறகு அவருக்குத் தாம்பரத்துக்கு மாற்றலாயிற்று.

பனியில்லாத ஊரிலும் அவள் விடவில்லை. குளிர்காலத்தில் வடக்கே போய்ப் பந்தயம். மற்ற மாதங்களில் விடியற்காலை ஏரிக்கரை இறக்கம். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி, சக்கரக் காலணியில் அவற்றைச் சுற்றி வளைந்து இறங்குவாள். பால்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா பாப்பா, பனி எங்க கீது இங்க? ஐஸ் பாக்டரிக்குப் போயேன்!"

"அங்க இறக்கம் இல்லியேண்ணா!"

அவள் படித்த கல்லூரியில் நான்தான் அவளுடைய துறைத்தலைவர். இரண்டாமாண்டில் வெளிநாட்டுப் போட்டிக்கான தேர்வுப் பந்தயம் வந்தது. மூன்று வாரம் போகவேண்டும். விளையாட்டுக்குப் போகும் மாணவர்களின் ஓ.டி. என்ற 'ஆன் டியூட்டி' படிவத்தில் துறைத்தலைவர் கையெழுத்திட்டால் அந்த நாட்கள் வருகையாகிவிடும். இல்லையென்றால் வருகை குறைந்து ஓராண்டு போய்விடும். கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டவன். அன்று அவள் படிவத்தோடு என் மேசைக்கு முன் நின்றாள்.

"வேற யாராயிருந்தாலும் போட்டிருப்பேன். நீ என் தங்கச்சி பொண்ணு. நாலு பேர் பேசுவாங்க" என்றேன்.

கல்லூரியில் அவள் என்னை மாமா என்று கூப்பிட்டதே இல்லை. "எல்லாருக்கும் போடுறதத்தான் சார் நானும் கேக்குறேன்" என்றாள்.

நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தங்கை தொலைபேசியில் கெஞ்சினாள். அவள் கணவரோ, "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். அன்று மாலை நான் நேர்மையாளன் என்ற பெருமிதத்தோடுதான் வீடு திரும்பினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அவள் போகவில்லை. ஒரு பருவம் முழுக்கப் பனியைத் தொடாதவள், அடுத்த ஆண்டு கல்லூரி விடுமுறையில் வந்த பந்தயங்களுக்குப் போனாள். முதல் பந்தயத்திலேயே மூன்றாவது கம்பத்தில் விழுந்து முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவள் பந்தயத்துக்கே போகவில்லை. முதல் ஆண்டே போயிருந்தால் தேர்வாகியிருப்பாளா என்று யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் செய்தவன் நான்.

போன மாதம் நாவலூரில் அவளுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அன்னைக்கு நான் கையெழுத்து போட்டிருக்கணும்மா. தப்பு பண்ணிட்டேன்" என்றேன். எத்தனையோ ஆண்டுகள் தள்ளிப்போட்ட வாக்கியம்.

அவள் கோபப்படவில்லை. "நாலு பேர் பேசுவாங்கன்னீங்களே மாமா, அது யாரு?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என்னோடு வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். காபி ஆறிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை.