பக்கத்து சீட்டின் பிரேக்

வலது முழங்காலில் ஒப்பரேஷன் செய்த பிறகுதான் என் காரின் பிரேக் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரிந்தது. அது அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார், இரண்டு கதவு, மங்கிய பச்சை. கனடாவின் மிசிசாகாவில் என்னோடு சரக்குப் பகுதியில் வேலை செய்த ஒருவர் நகரத்தை விட்டுப் போகும்போது எனக்கு விற்றது. பவர் பிரேக் கிடையாது. நிறுத்துவதென்றால் பெடலின் மேல் எழும்பி நிற்க வேண்டும்.

"வித்துப்போட்டுப் பேசாமல் இரும்" என்றார் கணவர். நான் விற்கவில்லை.

அதே கம்பனி அதே காலத்தில் செய்த பெரிய கார்களில் பவர் பிரேக் இருந்தது. அதன் பூஸ்டரையும் பெடலையும் கழற்றி என் காரில் பூட்டலாம், துளைகள்கூடப் பொருந்தும் என்று பழைய கார்க்காரர்கள் இணையத்தில் எழுதியிருந்தார்கள். பூஸ்டர் என்பது மூடி போட்ட தாச்சிச் சட்டி மாதிரி ஒரு கறுப்பு இரும்பு டப்பா. ஓடும் எஞ்சின் அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெறுமையாக்கிவிடும். பிரேக்கை மிதிக்கும்போது அந்த வெறுமையும் எங்கள் காலோடு சேர்ந்து அழுத்தும். அதனால் மெல்லத் தொட்டாலே கார் நிற்கும்.

யூனியன்வில்லுக்கு வடக்கே ஒரு கிழவர் அப்படியொரு நீளமான குடும்பக் காரைப் பாகம் பாகமாக விற்கிறார் என்று அறிந்து, மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன். மச்சாள் என் கணவரின் தங்கை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறா. கார் ஓடத் தெரியாது, ஆனால் துருப்பிடித்த நட்டைக் கழற்ற என்னைவிடப் பலம்.

கார் ஒரு தகரக் கொட்டிலுக்குள் நின்றது. பல வருடமாக ஸ்டார்ட் செய்யவில்லை என்றார் கிழவர். பற்றரிகூட இல்லை. நான் குனிந்து பூஸ்டரின் ரப்பர் குழாயை இழுத்தேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட சத்தம் வந்தது. எஞ்சின் நின்ற பிறகு அந்த வெறுமை சில மணி நேரம் நிற்கும், நல்ல பூஸ்டர் என்றால் ஒன்றிரண்டு நாள். வருடக்கணக்காக நிற்காது.

"மூச்சு விட்ட மாதிரிக் கிடக்கு" என்றா மச்சாள்.

"விடேல்லை, மச்சாள். உள்ளுக்கு இழுத்தது."

பெடலைக் கழற்றுவதற்காக நான் டாஷ்போட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். மச்சாள் பக்கத்து சீட்டில் இருந்து டோர்ச் பிடித்தா. திடீரென்று வெளிச்சம் வேறு பக்கம் திரும்பியது. "இஞ்ச பாருங்கோ. உது என்ன ஓட்டை?"

அவவின் காலடியில், தரை ரப்பர் தேய்ந்து, அடியில் தகரம் பளபளத்தது. வலது பாதம் படுகிற இடம். சாரதியின் பக்கம்கூட அவ்வளவு தேயவில்லை.

கிழவர் கதவடியில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மனைவி. அவள் ஒருநாளும் கார் ஓட்டியதில்லை. நான் ஓட்டும்போது, அவள் அங்கே இருந்து பிரேக் பிடிப்பாள். சாகும்வரைக்கும் பிடித்தாள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் டிரைவ்வேயில் வைத்து எல்லாவற்றையும் பூட்டினோம். பிரேக் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. தனியே ஓடிப் பார்த்தேன், ஒரு குறையுமில்லை. மறுநாள் மச்சாளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன். வழியில் ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் சடாரென்று வெட்டியது. "ஐயோ!" என்று மச்சாள் தரையில் காலை ஊன்றினா. கார் பதமாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது.

"நல்ல காலம். கெதியா நிப்பாட்டிப் போட்டியள்."

என் கால் அப்போதுதான் பெடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தபோது பெடல் ஏற்கெனவே கீழே இருந்தது.

பூஸ்டருக்குள் தள்ளும் கம்பி நீளமாக இருந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கழற்றி, அளந்து, கொஞ்சம் குறைத்தேன். கராஜ்காரர் ஒருவரிடமும் காட்டினேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது என்றார். ஆனால் அந்தக் கோளாறு போகவில்லை. லொறி நெருங்கி வந்தாலோ, சிவப்பு விளக்கை நான் தாமதமாகக் கண்டாலோ, மச்சாள் பயந்து காலை ஊன்றுவா. பெடல் என் காலுக்கு முன்னே இறங்கும். ஒருநாள் பிளாசாவின் வெறும் பார்க்கிங்கில் வைத்து, "நான் சொல்லேக்க அமத்துங்கோ" என்று சொல்லிச் சோதித்தேன். அவ அமத்தி அமத்திக் களைத்தா. ஒன்றும் நடக்கவில்லை.

"பயப்பட்டால்தான் கேக்குது" என்று மச்சாள் மெதுவாகச் சொன்னா.

கிழவருக்கு போன் எடுத்தேன். நான் விசயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே, வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

வந்தார். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. தனியே ஓடவேண்டும் என்று மட்டும் சொன்னார். நானும் மச்சாளும் நடைபாதையில் நின்றோம். கார் எங்கள் தெருவில் நேராகப் போனது, வயதான மனிசன் ஓடக்கூடாத வேகத்தில். நிறுத்திவைத்த வான் ஒன்றை நெருங்கியதும் பின்விளக்குகள் சிவந்தன. பிறகு அணைந்தன. குப்பைத் தொட்டி ஒன்று வெளியே சாய்ந்து நின்ற இடத்தில் மறுபடி சிவந்தன. தெரு முடிவில் கார் மெதுவாக, மரியாதையாக நின்றது. அங்கேயே கனநேரம் நின்றது.

திரும்பி வந்து இறங்கியவர் திறப்பை என் கையில் வைத்தார்.

"நான் ஒருமுறைகூட மிதிக்கவில்லை" என்றார். பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்து, "அவளுக்கு நான் ஓட்டுவதில் எப்போதும் நம்பிக்கை இல்லை" என்றார்.

அது நல்ல பிரேக், கழற்றாதே என்றுதான் எனக்குப் புத்தி சொன்னார். என்னால் முடியவில்லை. என் காலுக்குக் கட்டுப்படாத காரில் நான் என்னென்று வேலைக்குப் போவது? புதிய பூஸ்டர் ஒன்று வாங்கிப் பூட்டினேன். பழையதைத் துடைத்து, துணியில் சுற்றி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். நாங்கள் கேற்றைத் தாண்டும்வரை அவர் கொட்டிலுக்குள் போகவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், நெடுஞ்சாலையில் ஒரு கார் எங்களை உரசுவதுபோல் முன்னால் புகுந்தது. மச்சாள் காலை ஊன்றினா. பெடல் அசையவில்லை. நான்தான் மிதித்தேன், மட்டுமட்டாகத் தப்பினோம்.

மச்சாள் கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. "இனி நான் பின்னுக்கு இருக்கிறன்" என்றா. இப்பவும் எந்தக் காரிலும் அவ முன் சீட்டில் ஏறுவதில்லை.