மகள் சொன்ன இங்கிலீஷ் வார்த்தை

"மாமா ஒரு மூச்சர்" என்றாள் என் மகள். எதிரே உட்கார்ந்திருந்த என் அண்ணனுக்குப் புரியக்கூடாது என்றுதான் இங்கிலீஷில் சொன்னாள். ஓசி என்று தமிழில் சொன்னாலும் ஃபுகட் என்று இந்தியில் சொன்னாலும் தாராவியில் கடை வைத்திருக்கிறவருக்குப் புரிந்துவிடுமே.

அண்ணன் ஞாயிறுதோறும் கோபர்கைரனேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காலி டிபன் கேரியரோடு வருவார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் கொண்டுவந்து கொடுக்கிறவன். இவரோ மீன்குழம்பை நிரப்பிக்கொண்டு, போகிற போக்கில் இரண்டு தேங்காய், அன்றைய பேப்பர், மகளுடைய சார்ஜர் என்று அள்ளிக்கொண்டு போவார். எனக்கே எரிச்சல்தான், பொய் சொல்வானேன். அண்ணி இறந்த பிறகு இது இன்னும் அதிகமாகிவிட்டது.

"பிள்ள என்னட்டி சொல்லுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே, அவ ஆபீஸ் விஷயம்" என்றேன்.

அவர் போன பிறகு அந்த வார்த்தையைப் போனில் தேடினேன். கைக்காசு செலவழிக்காமல் அடுத்தவரிடம் கேட்டு வாங்கியே காலம் தள்ளுகிறவன் என்று போட்டிருந்தது. அது தெரிந்ததுதான். ஒளிந்துகொள்வது, பதுங்குவது என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று கீழே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணன் எங்கே பதுங்கினார்? நடு ஹாலில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு துண்டு போடுட்டி" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கேட்கிறவர்.

பதுங்கியவள் நான். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்கு வேலை போய், தாராவியில், அப்போது கல்யாணமாகாத அண்ணனுடைய ஒற்றை அறையில் நான்கு வருடம் இருந்தோம். மகள் பிறந்ததும் அங்கேதான். அவளிடம், தாராவியை ஒட்டிய கௌரவமான இடமான மாட்டுங்காவில் வாடகைக்கு இருந்தோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தாராவிக்காரர்கள் பலரும் வேலைக்கும் வரனுக்கும் சொல்கிற பொய்தான். நான் பெற்ற பிள்ளையிடமே சொன்னேன். "மாட்டுங்கா வீடு எப்படி மாமா இருக்கும்?" என்று சின்ன வயதில் அவள் கேட்டபோது, "காத்து நல்லா வரும்ளா" என்று அண்ணனும் எனக்காகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மகள் மறுபடி ஆரம்பித்தாள். "வர்ற சண்டே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றப்போ மாமா வேண்டாம்மா. அவங்க முன்னாடியும் கேரியரைத் திறப்பாரு. ப்ளீஸ், போன் பண்ணிச் சொல்லிடு."

போனைக் கையில் எடுத்தும்விட்டேன். அண்ணன் நம்பரைப் பார்த்ததும் என்மேலேயே வெறுப்பு வந்தது. போனை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுங்கா இல்லை, தாராவி. வாடகை இல்லை, மாமா வீடு. நான்கு வருடமும் அவர் போட்ட சோறு.

அவள் எங்கள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "ஒரே ரூம்னா, மாமா எங்கே படுத்தாரு?" என்று கேட்டாள்.

சாப்பிட்டதும் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே போவார், விடிந்ததும் வருவார். எங்கே போகிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.