பக்கீர் பாயின் மூன்று டிகிரி

பேனாவைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார் பக்கீர் முகம்மது. உள்ளே இருக்கும் ஊசி 'டிக் டிக்' என்றால் மை இறங்கும். சத்தமே இல்லையென்றால் அடைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று தடிமனுக்கு மூன்று பேனா. தினமும் காலை ஒன்பதேகாலுக்கு மூன்றுக்கும் இந்த வைத்தியப் பரிசோதனை உண்டு. "ரெண்டாவது ஆளுக்குச் சளி புடிச்சிக்கினு கீது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அதன் முனையை வெந்நீரில் இறக்குவார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் எண்ணெய்த் தொட்டி செய்கிற ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸ் அவருடைய ராஜ்ஜியம். ஊர் பழவேற்காடு, பொன்னேரியில் பஸ் மாறி வருகிறார். பலகையில் பூட்டியிருக்கும் டிராஃப்டர், அதாவது எந்தக் கோணத்துக்கும் திருப்பி நிறுத்தக்கூடிய இரட்டை ஸ்கேல், அவருடைய சொந்தப் பொருள். நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் அதைக் கழற்றித் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னால், "இது லக்கேஜ் இல்ல நைனா, என் கையி. கைக்கு எவனாச்சும் டிக்கெட் எடுப்பானா?" என்பார்.

பிளேடை இரண்டாக உடைத்து வைத்திருக்கிறார். ஒரு பாதி, டிரேசிங் தாளில் தப்பாக விழுந்த மைக்கோட்டைச் சுரண்ட. மறு பாதி வீட்டில், தாடிக்கு மேலே கன்னத்தை வழிக்க. சுரண்டிய இடத்தில் தாள் கிழிந்து யாரும் பார்த்ததில்லை. கன்னத்தில்தான் வாரத்துக்கு இரண்டு முறை பஞ்சு ஒட்டியிருக்கும்.

அவர் வரைந்ததை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. எண்பத்தொன்பது வாக்கில், ஷெட்டில் தொட்டிகளைப் பொருத்துகிற பிட்டர் துலுக்காணம் பிரிண்டும் கையுமாக வந்து, "பாய், இந்தக் கோடு இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டார்.

"டிராயிங்ல கீதா?"

"கீது பாய்."

"கீதுன்னா வெல்டு பண்ணு. பூமத்திய ரேகை இன்னாத்துக்குன்னு போயி கேட்டியா நீ?"

ஷெட்டே சிரித்தது. அதற்குப் பிறகு துலுக்காணம் ஹெட் பிட்டர் ஆனார், பேரன் எடுத்தார். கேள்வி மட்டும் கேட்கவில்லை.

2004இல் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதோடு புதுவாயலிலிருந்து சத்யா என்ற பெண்ணும் வேலைக்கு வந்தாள். "இருநூத்தி நாப்பது டிராயிங்கும் இதுக்குள்ள போவட்டும். அப்பறம் இந்த ரூமுக்கு ரெண்டு சேர் இன்னாத்துக்குன்னு பாப்போம்" என்றார் முதலாளி. சத்யா வரைந்து முடிப்பதைப் பழைய தாளோடு ஒப்பிட்டுச் சரி என்று கையெழுத்துப் போடுவது பாயின் வேலை. தன்னை வீட்டுக்கு அனுப்பும் உத்தரவில், நாளுக்கு இரண்டு தாளாக, அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எழுத்து மட்டும் அச்சுப்போல் இருந்தது.

நூற்றெண்பத்தேழாவது டிராயிங்கின் பிரிண்டில் சத்யா நின்றாள். "பாய், இந்தப் பெரிய டேங்குல மேன்ஹோலுக்குக் கீழ ஒரு பட்டை கீது. அளவு இல்ல, நம்பர் இல்ல. கொஞ்சம் கோணலா வேற கீது."

கோணல் என்ற சொல் அந்த அறையில் அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. பாய் எழுந்து அலமாரியைத் திறந்து, பிரிண்டுக்கெல்லாம் மூலமான டிரேசிங்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதில் பட்டை இல்லை. செலோ டேப் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் பிளேடு சற்று ஆழமாக இறங்கியதும், தாள் கிழிந்ததும், யாரும் பார்ப்பதற்குள் ஒட்டி மறைத்ததும் அவருக்கு நினைவு வந்தன. டேப் வருஷத்துக்கு வருஷம் பழுத்து மஞ்சளாகியிருக்கிறது. அந்த மஞ்சள் வெளிச்சத்தை மறித்ததால், டிரேசிங் வழியாக வெளிச்சம் பாய்ச்சி எடுக்கும் அமோனியா பிரிண்டில் அந்த இடம் கறுத்த பட்டையாக விழுந்திருக்கிறது.

ஷெட்டுக்கு ஓடினார். முடிந்து நின்ற தொட்டியில், ஆள் உள்ளே இறங்கும் மேன்ஹோலுக்குக் கீழே, அதே இடத்தில், அசல் இரும்புப் பட்டை.

"எத்தினி வருசமா இத வைக்கிற?"

"ஏழெட்டு வருசம் இருக்கும் பாய்" என்றார் துலுக்காணம். "டிராயிங்ல கீது, வைக்கிறேன். அந்தக் கோணலு வர்றதுக்குத்தான் பேஜாரு. மொதோ டேங்குல நேரா வெச்சிட்டேன். அப்பறம் பாயி கோடு தப்பா இருக்குமான்னு பிரிச்சி, சாய்ச்சி வெச்சேன்."

எட்டு வருஷமாக எளாவூர் செக்போஸ்டைத் தாண்டி ஆந்திராவுக்குப் போன அத்தனை தொட்டிகளும் ஒரு செலோ டேப்பை இரும்பில் சுமந்துகொண்டு போயிருக்கின்றன.

திரும்பி வந்தபோது முதலாளி சத்யாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். "இன்னா பாய் இது? வேணாம்னா எடுத்துடச் சொல்றேன்."

ஒரே வார்த்தைதான். டேப் என்று சொன்னால் நாற்காலி இன்றைக்கே காலி. பாய் வாயைத் திறந்தார். ஆனால் பேசியது, பின்னாலேயே வந்து வாசலில் நின்ற துலுக்காணம்.

"எடுக்கறதா? நெல்லூராண்ட லாரிலேர்ந்து டேங்கு உருண்டு உழுந்துச்சே சார், நசுங்குச்சா? இன்னாத்தால நசுங்கல? பாயி சும்மா ஒரு கோடு போடுவாரா?"

முதலாளி பாயைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு எங்க தெரியப்போவுது! பாய், நீங்க இருங்க. செக் பண்ண ஒரு ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். துலுக்காணமும் வென்ற முகத்தோடு ஷெட்டுக்குப் போனார்.

சத்யா மேஜைமேல் கிடந்த டிரேசிங்கைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். "கோணம் எவ்ளோ பாய்?" என்று மட்டும் கேட்டாள்.

பாய் டிராஃப்டரைத் திருப்பி டேப்பின் ஓரத்தோடு பொருத்திப் படித்தார். "மூணு டிகிரி. நேராப் போட்டுடாத தாயி."

அவள் தட்டி முடித்து டீக்குப் போனாள். பாய் டிரேசிங்கைப் பலகையில் விரித்து நான்கு மூலையிலும் ஒட்டினார். டிராஃப்டர் மூன்று டிகிரியில் அப்படியே நின்றிருந்தது. தடித்த பேனாவை எடுத்துக் காதோரம் குலுக்கினார். டிக். டேப்பின் இரண்டு ஓரத்திலும், ஒட்டியும் ஒட்டாமலும், இரண்டு மைக்கோடுகள் இழுத்தார். இப்போது அதிலும் பட்டை இருந்தது. பிறகு குனிந்து, காயும்வரை மெதுவாக ஊதிக்கொண்டிருந்தார்.