தாசில்தார் வீட்டு மனு

தாசில்தாருடைய பென்ஷனை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, பாடம் நடத்தி முடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தேன். அம்மாவிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஓய்வுபெற்று ஒரு வருஷம் பென்ஷன் வாங்கிய பிறகு, பழைய லஞ்ச வழக்கில் அகப்பட்டு ஆறு மாதம் சிறையில் இருந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா, "அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

அவர் பதவியில் இருந்தபோது, ஒரு பிசான நெல் சாகுபடியில், கதிர் பால் பிடிக்கிற சமயம், எங்கள் மடைக்கு வர வேண்டிய தண்ணீர் முறையை மேல்மடைப் பண்ணையாருக்கு மாற்றிக் கொடுத்தார். எதற்காகக் கொடுத்தார் என்பது பிற்பாடு கோர்ட்டில் வெளியாயிற்று. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வயல் வெடித்தது. அப்பா தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். நான் அப்போது பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். படித்து முடித்து ஊருக்கே டீச்சராக வந்துவிட்டேன்.

பென்ஷன் நின்றது நியாயம் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் சொல்லுவேன். சர்க்கார் சம்பளத்தை வாங்கிக்கொண்டு குடிகளைக் காயப்போட்டவருக்கு, சாகிறவரைக்கும் சர்க்கார் எதற்காகச் சோறு போட வேண்டும்?

பங்குனி மாதத்தில் ஒரு நாள் அவருடைய மனைவி எங்கள் வீட்டுப் புறவாசலில் வந்து நின்றாள். எங்கள் தெருவுக்குள் அந்த அம்மாள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அம்மா பாயை விரித்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"தாயி, ஒரு மனு எழுதணும். தாலுகா கச்சேரி வாசல்ல மனு எழுதுதவன்கிட்டப் போனா ஊரே வேடிக்க பாக்கும். நீ இங்கிலீசு படிச்ச பிள்ள. பென்ஷன்ல பாதியாவது குடுக்கச் சொல்லி எழுது."

பென்ஷன்காரர்கள் மாதாமாதம் கஜானாவில் நேரில் போய் நின்று, உயிரோடு இருப்பதைக் காட்டிப் பணம் வாங்க வேண்டும்.

"அவுக இப்பவும் ஒண்ணாந் தேதியானா தலப்பாவக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருதாக" என்றாள். "போய் வரிசையில நிக்காக. அங்கன ஒரு குமாஸ்தா, 'நீரு இருந்தா என்ன, போனா என்ன வே, சர்க்காருக்கு இனி அந்தக் கவல இல்ல'ன்னு சொன்னானாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். யோசித்துச் சொல்லுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

"ஏளா, எழுதிக் குடு" என்றாள் அம்மா.

"நம்ம தண்ணிய வித்துத் தின்னவருக்கா?"

"தின்னது அவரு. இவ என்னத்தத் தின்னா?"

"அந்தக் காசுல செஞ்ச நகையப் போட்டுக்கிட்டுத்தான கோயிலுக்குப் போனா?"

"இப்பக் கையப் பாத்தியா? கண்ணாடி வளையல்தான் கெடக்கு. பெரிய படிப்புப் படிச்சவளுக்கு அது கண்ணுல படலயாக்கும்."

மறுநாள் எழுதினேன். குடிகளின் தண்ணீரை விற்றது உண்மை, அதற்காக வருந்துகிறேன் என்று அவர் சொல்லுவதாக ஒரு வரியையும் சேர்த்தேன். மனுவை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கண் மங்கியிருந்தது, நானே படித்தேன். இரண்டு இடத்தில் என் இங்கிலீஷைத் திருத்தினார். திருத்தம் சரிதான். அந்த வரி வந்ததும் கையை உயர்த்தினார்.

"அத அடிச்சிரு."

"உண்மைதானய்யா?"

"உண்ம பொய்யெல்லாம் கோர்ட்டுக்கு. மனுவுக்கு எதுக்கு? நீ யாரு மக?"

அப்பா பெயரைச் சொன்னேன். மடையின் பெயரையும் சொன்னேன். அவர் கண்ணை மூடி நிஜமாகவே யோசித்தார்.

"ஞாபகமில்ல பிள்ள. எத்தனையோ மட."

அவர் பொய் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அந்த அம்மாள் தெருமுனைவரைக்கும் பின்னாலேயே வந்தாள். "தாயி, அந்த வரி இருக்கட்டும். எம் பேருல எழுது. நான் கைரேக வைக்கேன். சர்க்கார் வாங்குமா?"

வாங்கும். மனைவி தன் பெயரில் கருணை மனு கொடுக்கலாம், கொஞ்சமாவது கிடைப்பதுண்டு என்று எங்கள் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

"அவுக கையெழுத்து இல்லாமச் செல்லாது" என்றேன்.

அவள் நம்பினாள். படித்தவள் சொல்லுகிறாளே.

ஆனியில் தாசில்தார் இறந்தார். பென்ஷன் ஆளோடு போகிறது. அதற்குமேல் எந்த மனுவுக்கும் இடமில்லை. அந்த அம்மாள் அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல் வியாபாரி வீட்டில் சமையலுக்கு இருப்பதாகத் தெரிந்து, விடுமுறையில் ரயிலேறிப் போனேன். பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. உங்க ரேகையே போதுமாயிருந்துச்சு."

முறம் நின்றது.

"தெரிஞ்சேவா சொன்ன?"

"தெரிஞ்சேதான்."

முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு சொன்னாள்: "கடைசி ரெண்டு மாசமும் கஞ்சியில உப்பு பத்தலன்னு சண்ட போடுவாக. கஞ்சியே வெறுந் தண்ணிதான் தாயி. அதச் சொல்ல வாய் வராம உப்பையே சொல்லிக்கிட்டிருந்தாக."

உள்ளேயிருந்து யாரோ உலை கொதிப்பதாகச் சத்தம் போட்டார்கள். முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். போயிட்டு வா என்று சொல்ல வருவாளோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.