அன்வரின் ஹம்மிங்

நான் திருடன். என் முதல் தனிப்பாடலை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களே... அதன் நடுவில் வரும் ஹம்மிங் என்னுடையதல்ல. அன்வருடையது!

அன்வர் எங்கள் பழைய ராக் பேண்டின் டிரம்மர். கல்லூரி நாட்களில், குரோம்பேட்டையில் அவன் அப்பாவின் தோல்பைக் கடைக்கு மேலே இருந்த அறையில்தான் எங்கள் ஒத்திகை. பாடகன் நான். டிரம்மை முடுக்கிச் சரிசெய்யும்போது அவன் தன்னை மறந்து ஹம் செய்வான்.

"நிறுத்துடா, காது வலிக்குது!" என்பேன். பொய்! உள்ளே எனக்குப் பொறாமை. அந்தக் குரல் எனக்கு வாய்க்கவில்லையே...

வேலை, கல்யாணம் என்று பேண்ட் கலைந்தது. நான் மட்டும் விடவில்லை. பள்ளிக்கரணையில் என் வீட்டு அறையிலேயே தனியாகப் பாடிப் பதிவு செய்தேன். பாட்டு சப்பென்று இருந்தது. என்னிடம் மட்டுமே இருந்த பழைய ஒத்திகைப் பதிவுகளைத் தோண்டி, அவன் ஹம்மிங்கை வெட்டியெடுத்து, இரைச்சலை நீக்கி, என் குரலுக்கு நடுவே வைத்தேன். பாடியவர் என்று என் பெயரை மட்டும் போட்டுக்கொண்டேன்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? "எடுத்துக்கோ மச்சான்" என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் பிறகு எல்லோரும் அவனை அல்லவா தேடுவார்கள்!

போன மாதம் கடைக்குப் போனேன். இப்போது அவன்தான் முதலாளி. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். என் பாட்டைப் போட்டான். அந்த இடம் வந்தது. கண்டுபிடி, என்னைத் திட்டு என்று மனத்துக்குள் கெஞ்சினேன்... பதிவில் தன் குரலை அவன் கேட்டதே இல்லை. அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னா ஹம்மிங் மச்சான்! இதுல பாதி எனக்கு வந்திருந்தா, நான் ஏன் இங்க ஜிப்பு மாத்திகினு கீறேன்?"

அது நீதானடா... தொண்டை வரை வந்தது.

"டிரம்மருக்கு எதுக்குடா பாட்டு?" என்றேன். ஆமாம் என்று அவனும் தலையாட்டினான்!

அடுத்த பாட்டு பாதியில் நிற்கிறது. அவன் குரல் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அவனை மைக் முன்னால் நிறுத்திப் பார்க்க எவ்வளவு ஏங்குகிறேன் தெரியுமா? ஆனால் ஹெட்போனில் தன் குரலைக் கேட்ட மறுகணமே, நான் செய்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

நேற்று அவனை போனில் கூப்பிட்டேன்.

"சொல்லு மச்சான்" என்றான் ஆசையாக.

"சும்மாதான்டா" என்றேன்.