நோயேலியாவின் மாடி

காசில்டா என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் ஊரான கொச்சபாம்பாவின் பெரிய சந்தையில் திரைச்சீலைத் துணி விற்கிறாள். பேரத்தில் புலி. ஆனால் வீட்டைக் குடித்தனத்துக்கு விடுவது வேறு வித்தை. அதைக் கற்றுக்கொள்வதற்குள் கையைச் சுட்டுக்கொண்டாள்.

மகள் நோயேலியா ஸ்பெயினில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சம்பாதிக்கிறாள். "அம்மா, எனக்கு மேல ஒரு மாடி போட்டு வை, வந்துடுறேன்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காசில்டா இந்த வேலையில் இறங்கினாள்.

முதலில் கீழ்வீட்டைக் கல்லூரிப் பையன்களுக்கு மாத வாடகைக்கு விட்டுவிட்டு, தான் கொல்லைப்புற அறைக்கு மாறினாள். வாடகை கேட்கப் போகிறவள் கையில் வேர்க்கடலை சூப்போடு போனால் எவன் கொடுப்பான்? சூப்பைக் குடித்தார்கள், குழாயை உடைத்தார்கள், சொல்லாமல் கம்பி நீட்டிவிட்டார்கள்.

"நீ வீட்டுக்காரியா, அவனுங்களுக்கு சமையக்காரியா?" என்று திட்டினேன்.

"பசிச்ச மூஞ்சியப் பாத்து எப்படிடி காசு கேக்குறது?"

பிறகு எங்கள் தெருவே செய்வதை அவளும் செய்தாள். ஒத்திக்கு விட்டாள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தை இங்கே யாரும் பூட்டி வைப்பதில்லை. வருகிறவனிடம் வாங்கிப் போகிறவனுக்குக் கொடுப்போம். பத்திரத்தை டாலரில் எழுதுவதும் வழக்கம். டாலர் அசையாது என்று ஊரே நம்பியது.

லாரி ஓட்டி ஓய்ந்த எலிசேயோவும் அவர் மனைவியும் குடிவந்தார்கள். அவர்கள் பணத்தில் மாடி எழும்பியது. ஜன்னல் நிறம் வரைக்கும் நோயேலியா போனிலேயே சொன்னாள். கூரை போட்ட அன்று நாலு மூலையிலும் பீர் ஊற்றிப் பூமித்தாய்க்குப் படைத்தோம். காசில்டா ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அந்த மாடியில் அவள் ஒரு நாளும் படுக்கவில்லை. மகள்தான் முதலில் படுக்க வேண்டுமாம்.

கெடு முடிகிற நேரத்தில் ஊரில் டாலரே காணாமல் போனது. வங்கியில் இல்லை. தெருவில் விற்கிறவர்கள் இரண்டு மடங்கு விலை சொன்னார்கள்.

"டாலராத்தான் குடுத்தேன், டாலராத்தான் வேணும் காசில்டா" என்றார் எலிசேயோ. "என் லாரிய வித்த காசும்மா அது. எனக்கு வேற நாதியில்ல."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை, திட்டக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. கீழ்வீட்டுக்கு வந்த புதியவர்களிடம் உள்ளூர்ப் பணம்தான் இருந்தது. அது பாதிக் கடனுக்குத்தான் காணும். மீதிக்கு மாடியையும் ஒத்திக்கு விட்டாள்.

"மக கிட்ட சொல்லிடுடி" என்றேன்.

"ரெண்டே வருஷம். அவ வர்றதுக்குள்ள மீட்டுடுவேன்."

போனில் மகளிடம், "பூட்டி வச்சிருக்கேன், தூசி தும்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருவிழாக் காலத்தில் ஒரு காலை, அம்மாவைத் திகைக்கவைக்க நோயேலியா சொல்லாமல் வந்து இறங்கினாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிப்படியில் ஏறிக் கதவைத் தட்டிவிட்டாள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள். "யாருங்க வேணும்?"

"இது... எங்க வீடு."

"நாங்க ஒத்திக்கு எடுத்திருக்கோம்ங்க. வீட்டுக்காரம்மா பின்னால இருக்காங்க."

சத்தம் கேட்டுச் சோப்புக் கையோடு ஓடிவந்த காசில்டா படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். "இறங்கி வாடி கண்ணு. என்கூட படுத்துக்கலாம்."

நோயேலியா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அங்க ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கறப்ப இந்தக் கதவத்தான்மா நெனச்சுக்கிட்டிருப்பேன்" என்றாள்.

திருவிழா முடிந்ததும் ஸ்பெயினுக்கே திரும்பிவிட்டாள். இப்போதும் ஞாயிறுதோறும் போன் பேசுகிறாள். கால்வலி எப்படி, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கிறாள். வந்துடுறேன் என்று மட்டும் சொல்வதில்லை.